பாலகுருவின் பேரில் ஒரு பிணம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

மேற்குத் தாம்பரம் லாரி ஆபீசில் கறுப்பு டெலிபோன் விடாமல் அலறியது.

எடுக்க வேண்டிய புக்கிங் கிளார்க் கேசவன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் டீ குடிக்கப் போனால் செங்கல்பட்டு வரை போய்த் திரும்புகிற நேரம் ஆகும்.

பெஞ்சில் உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டிருந்த டிரைவர் பாலகுரு, 'இந்தச் சனியன் ஓயாது' என்று முனகியபடி ரிசீவரை எடுத்தான்.

"அலோ..."

"லாரி ஆபீஸா? போலீஸ் ஸ்டேஷன்லேருந்து ஏட்டு துரை பேசறேன். உங்க டிரைவர் ஒருத்தர் செத்துட்டார். லாசரஸ் டாக்டர் கிளினிக்ல. யாராவது வந்து அடையாளம் காட்டணும்."

பாலகுருவின் கையிலிருந்த பீடி நின்றது.

"எந்த டிரைவர் சார்?"

மறுமுனையில் காகிதம் சரசரத்தது.

"அட்டைல பாலகுருன்னு போட்டிருக்கு. வயசு முப்பத்திரண்டு. வீடு பீர்க்கன்கரணை."

பாலகுரு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

திக்... திக்... திக்...

அடித்துக்கொண்டுதான் இருந்தது. தேவைக்கு மேலேயே அடித்தது!

"அலோ, இருக்கீங்களா?"

"கீறேன் சார்" என்றான் பாலகுரு. அந்த வார்த்தையை இவ்வளவு சந்தேகத்தோடு அவன் வாழ்நாளில் சொன்னதில்லை.

"சீக்கிரம் வாங்க. அவன் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்காம். அந்தம்மாவுக்கும் போய்ச் சொல்லணும்."

போன் வைக்கப்பட்டது.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். 'நான் செத்துட்டேனாம்டா' என்று டீக்கடையில் போய்ச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்திருப்பார்கள்.

பாலகுருவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால்... அந்தப் பிணம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்!

* * *

ரங்கன்.

1974-ம் வருஷத்து ஜூலை மாதத்தில், தாம்பரத்திலிருந்து நாக்பூர் போகிற அந்த லாரிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவன் ஓட்டினால் ஒருவன் தூங்குவான். ஆறு வருஷமாக இதே கதை. சீப்பு ஒன்று, சோப்பு ஒன்று, பாய் ஒன்று. வழியில் ராத்திரி தங்குகிற ஊர்களில் இருவரும் தட்டிய கதவுகளும் ஒன்று. சீக்கு மட்டும் தனித்தனியாகவா வரும்?

ரங்கனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஊர் உறவும் கிடையாது. மச்சான் என்று கூப்பிட அவனுக்கு இருந்தது பாலகுரு ஒருவன்தான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு லாரி நிழலில் நின்று இருவரும் பேசியது இதுதான்.

"மச்சான், பதினோரு மணிக்கு வண்டி எட்க்கணும். அந்தக் கிளினிக்குல புதுசா போனா டெஸ்ட்டு ஊசி போட்டு அரை மணி குந்த வெக்கிறாங்களாமே?"

"ஆமா. கையில சொம்மா எறும்பு கடிச்சாப்ல ஒண்ணு போடுவாங்க. தடிப்பு வரலேன்னா அட்டைல செவப்பு மைல டிக்கு. அப்பால பென்சிலின்."

"அரை மணி குந்துனா வர்றவன் போறவன்லாம் என் மூஞ்சியப் பாப்பான். பேஜாரா கீது மச்சான்."

"என் அட்டைய எட்த்துனு போ. அதுல டிக்கு கீது. காமிச்சா நேரா ஊசிதான். அஞ்சு நிமிசத்துல வந்துடலாம்."

"நர்சு கண்டுபுடிச்சுட்டா?"

"அது மூஞ்சியவே பாக்காது. பாக்கக் கூடாதுன்னு டாக்டரு சட்டம்."

உண்மைதான். லாசரஸ் டாக்டரின் கிளினிக்கில் அப்படி ஒரு வழக்கம். வெட்கப்பட்டு வருகிறவனை நிமிர வைத்து வேடிக்கை பார்க்காதே என்பார் டாக்டர். டிரைவர்கள் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சின்ன ஜன்னல் வழியாக அட்டையை நீட்டுவார்கள். நர்ஸ் அட்டையைப் பார்ப்பாள், ஊசி போடும் இடத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்த நல்ல மனசுதான் அன்று ஒரு உயிரைக் குடித்துவிட்டது. பாலகுருவுக்கு ஒத்துக்கொண்ட மருந்து ரங்கனின் உடம்புக்கு எமன் என்று யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்த எறும்புக்கடி ஊசி!

* * *

கிளினிக் வாசலில் கூட்டம். உள்ளே கட்டிலில் வெள்ளைத் துணி.

சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீநிவாசன் துணியை விலக்கினார்.

பாலகுரு கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். ரங்கனின் முகம் பூசணிக்காயாக வீங்கி, உதடு நீலம் பாரித்து, கண் இருந்த இடமே தெரியவில்லை. பெற்றவள் வந்தாலும் அடையாளம் தெரியாது.

"யாருய்யா நீ?" என்றார் ஸ்ரீநிவாசன்.

'பாலகுரு சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? உன் அட்டை இவன் கையில் எப்படி வந்தது? நீதான் கொடுத்தாயா? இவன் சாகணும் என்றே கொடுத்தாயா?

அதற்கும் அடுத்தது? உனக்கு எதற்கு இந்த அட்டை? உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?

நாக்கு தானாகப் புரண்டது.

"ரங்கன் சார்."

ஸ்ரீநிவாசன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு?"

"பா... பாலகுரு சார். என் கூட ஓட்றவன்."

சொல்லிவிட்டு அழுதான். ரங்கனுக்காக வந்த நிஜமான அழுகை. அதைக்கூட அவன் பேரைச் சொல்லி அழ முடியவில்லை.

சுவரோரம் வெள்ளைச் சேலையில் நின்றிருந்த நர்ஸ் தபீதாள் சட்டென்று நிமிர்ந்தாள். அவள் அவன் முகத்தை முன்பு பார்த்ததில்லை. ஆனால் குரலைக் கேட்டிருக்கிறாள்!

ஸ்ரீநிவாசன் அவள் பக்கம் திரும்பினார்.

"டாக்டரை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்கேன். அவர் வெளிய போயிருந்த நேரத்துல நீதான் ஊசி போட்டிருக்கே. பத்தே நிமிஷத்துல ஆள் காலி. உடம்புல ரெண்டு ஊசித் தடம் இருக்கு. ரெண்டாவது எதுக்கும்மா?"

"காப்பாத்தறதுக்கு சார். மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் வேற மருந்து போட்டேன். கேக்கலை."

"டெஸ்ட் பண்ணிட்டுப் போட்டா இப்படி ஆகாதுன்னும் நீதான் சொல்றே. டெஸ்ட் பண்ணினேன்னும் நீதான் சொல்றே. அப்ப மருந்துல என்ன கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலை சார். பதினாறு நாளைக்கு முன்னாடி என் கையாலதான் டெஸ்ட் ஊசி போட்டேன். ஒரு தடிப்புகூட இல்லை. கர்த்தர் சாட்சி."

"கர்த்தர் கோர்ட்டுக்கு வர மாட்டாரும்மா."

தபீதாளின் பார்வை பாலகுருவை விட்டு நகரவில்லை.

பதினாறு நாள்! பாலகுருவுக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இதே குரல் கேட்டது.

'குழந்தைங்க எத்தனை?'

'ரெண்டு பொறந்துச்சும்மா. ரெண்டும் செத்தே பொறந்துச்சு. இப்போ ஏழாம் மாசம்.'

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

'அந்த ரெண்டையும் கொன்னது இந்தச் சீக்குதான். உங்ககிட்டேருந்து அவங்களுக்குப் போயிருக்கு, அவங்ககிட்டேருந்து வயித்துக்குள்ள போயிருக்கு. இந்தக் குழந்தை தங்கணும்னா அவங்களுக்கும் ஊசி போடணும். இன்னும் நேரம் இருக்கு. கூட்டிட்டு வாங்க.'

அதற்காகத்தான் எல்லாரும் பொய்ப் பேர் கொடுக்கிற அந்த இடத்தில் அவன் மட்டும் உண்மைப் பேரும் விலாசமும் கொடுத்தான். கொடுத்தானே தவிர, வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பதினாறு நாள் ஓடிவிட்டது. ஒரு ஊசியில் புண் ஆறியதும் அவனும் கிளினிக் பக்கம் வரவில்லை.

"ரங்கன்" என்று கூப்பிட்டாள் தபீதாள். அந்தப் பேரைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

பாலகுருவுக்கு ரத்தம் உறைந்தது. 'சொல்லப் போகிறாள்... இதோ சொல்லப் போகிறாள்...'

"பாலகுரு சம்சாரத்துக்கு ஏழாம் மாசம். புருஷன் இருந்தாலும் செத்தாலும் அந்தம்மா இங்க வரணும். டெஸ்ட் ஊசியிலேருந்து ஆரம்பிக்கணும். நான் இல்லைன்னா வேற யாராவது போடட்டும். நாளைக் கடத்தக் கூடாது. சொல்லுவீங்கல்ல?"

அவ்வளவுதான்!

நோயாளி பேரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் டாக்டர் சட்டம். தன் கழுத்துக்கே கயிறு வருகிற நேரத்திலும் இந்தப் பெண் சட்டத்தை மீறவில்லை. பாலகுரு வெட்கத்தில் குறுகிப்போனான்.

"என்னம்மா அவன்கிட்ட ரகசியம்?" என்றார் ஸ்ரீநிவாசன். "ரங்கா, நீ ஜீப்ல ஏறு."

"எங்க சார்?"

"பீர்க்கன்கரணைக்கு. செத்தவன் பொண்டாட்டிக்கு நீதான் விஷயத்தைச் சொல்லணும். நாங்க காக்கிச் சட்டைல போய் நின்னா வயித்துப் பிள்ளைக்காரி பயந்துக்குவா."

* * *

தன் சாவுச் செய்தியைத் தன் பெண்டாட்டியிடம் சொல்ல, போலீஸ் ஜீப்பில் போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஏட்டு துரை ஓட்டினார். பக்கத்தில் ஸ்ரீநிவாசன். பின் சீட்டில் பாலகுரு. ஜி.எஸ்.டி. ரோட்டின் காற்று முகத்தில் அடித்தும் வியர்வை நிற்கவில்லை.

"பாலகுரு எப்படிப்பட்ட ஆளு?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார் ஸ்ரீநிவாசன்.

"நல்லவன்தான் சார்."

"நல்லவனுக்கு அந்தக் கிளினிக்ல என்ன வேலை?"

"லைன்ல போற டிரைவரு சார். மாசத்துல இருவது நாளு ரோட்டுல. எல்லாரும் போறாங்கன்னு... இன்னா சார் சொல்றது."

"பொண்டாட்டிகிட்ட சொன்னானா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"பயம் சார்."

"அடிப்பாளா?"

"அட்ச்சா பரவால்ல சார். அட்ச்சா வாங்கிக்கலாம். என்னைப் பாப்பா சார். ஒண்ணும் பேசாம பாப்பா. அத்தத்தான்..."

பாலகுரு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

'என்னை'யா?

ஸ்ரீநிவாசன் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கவனித்ததாகத் தெரியவில்லை.

"சார், அந்த நர்சுக்கு என்ன கிடைக்கும்?" என்றார் துரை.

"விஷம் வெச்சுக் கொன்னதா நிரூபணம் ஆச்சுன்னா தூக்கு. ஜட்ஜ் இரக்கப்பட்டா ஆயுள் தண்டனை. அது தலையெழுத்து."

இரும்புலியூர் தாண்டியதும் ஜீப் நின்றது. எதிரே ஏர்ஃபோர்ஸ் லாரிகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. துரை ஹார்ன் அடித்தார். முன் சீட்டுக்காரர்கள் இருவரின் முதுகும் அவன் பக்கம் இருந்தது.

பாலகுரு ஒரு காலை வெளியே வைத்தான்.

குதித்தால் போதும். பாலகுரு செத்தவன். செத்தவனை யார் தேடப் போகிறார்கள்? ஏதாவது ஒரு நாக்பூர் லாரியில் ஏறிக் கண்காணாமல் போய்விடலாம். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். செத்துப்போவதில் இவ்வளவு சவுகரியம் இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த வயிறு?

நேற்று ராத்திரி அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, 'பாரு, ஒதைக்குது. இது உசுரோட வரும்யா' என்று அவள் சொன்னாளே? நர்ஸ் உள்ளே போய்விட்டால், டாக்டரும் ஸ்டேஷனில் இருந்தால், அவன் நாக்பூரில் இருந்தால்... அவளுக்கு யார் சொல்வது?

காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஜீப் கிளம்பியது.

* * *

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஓலைக் குடிசை. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள் அங்காளம்மா. கோவளத்து மீனவக் குடும்பம். வயிறு பெரிதாகிற வரைக்கும் தாம்பரம் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவள்.

ஜீப் நின்றது. பாலகுரு இறங்கினான். என்ன சொல்வது என்று ரோடு முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

அதற்கு அவசியமும் இருக்கவில்லை!

"இன்னாயா இது, போலீசு ஜீப்புல வந்து எறங்குற? யாரையாவது மோதிட்டியா?" என்றாள் அங்காளம்மா.

ஸ்ரீநிவாசன் நிதானமாக இறங்கினார்.

"யாரும்மா இவரு?"

"என் வூட்டுக்காரரு சார். இன்னா செஞ்சாரு?"

"பேரு?"

"பாலகுரு."

பாலகுரு தரையைப் பார்த்தான். தரை பிளக்கவில்லை.

ஸ்ரீநிவாசன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து விரித்தார். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில் ரங்கன்!

"செத்தவன் அரைக்கால் டிராயர் பாக்கெட்ல இருந்துச்சுப்பா. ஏட்டு உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணின அப்புறம்தான் கிடைச்சது. நீ வந்து 'நான் ரங்கன்'னு சொன்னதும், கட்டில்ல இருந்தவன் எழுந்து பதில் சொல்றானோன்னு எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

"அப்பவே தெரியுமா சார்? பின்ன எதுக்கு இம்மாந்தூரம்..."

"ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சா ஆம்பளைகிட்டேருந்து பொய்தான் வரும். பொண்டாட்டிக்கு எதிர்ல நிறுத்தினா நிஜம் வரும். இது என் இருவது வருஷ சர்வீஸ். இப்பச் சொல்லு. அட்டையை ஏன் அவனுக்குக் கொடுத்தே? என்ன விரோதம்?"

பாலகுரு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"விரோதம்லாம் இல்ல சார். அவன் என் உசுரு. அரை மணி குந்தறதுக்கு வெக்கப்பட்டான். அதான் என் அட்டைய குட்த்தேன். டெஸ்ட்டு ஊசி எனக்குப் போட்டது. பென்சிலின் அவனுக்குப் போட்டது. நர்சம்மா மேல ஒரு தப்பும் கெடையாது சார். அவங்கள வுட்டுடுங்க. என்னை இட்டுனு போங்க."

"ரங்கண்ணன் செத்துட்டாரா?" அங்காளம்மா எழுந்தாள். "இன்னா அட்டை? யாருக்கு இன்னா ஊசி?"

துரை தொப்பியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன். இன்னா சீக்கு உனக்கு?"

"பொம்பள சீக்கு" என்றான் பாலகுரு. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"பேரு மட்டும் பொம்பளைக்கா? கொண்டாந்தது யாரு?"

"நான்தான். லைன்ல போற எடத்துல... ஆறு வருசமாச்சு."

அங்காளம்மா மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தாள். முகம் மெல்ல மாறியது.

"அப்போ... ஏரிக்கரைல நம்ம பொதச்ச ரெண்டும்?"

"அதாலதான். நர்சம்மா சொல்ச்சு. உனக்கும் ஊசி போட்டா இது பொழைக்குமாம்."

"எப்போ சொல்ச்சு?"

"பதினாறு நாளாச்சு."

"பதினாறு நாளு" என்றாள் அவள்.

ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றியது, மண்சோறு சாப்பிட்டது, கோவில் மரத்தில் தொட்டில் கட்டியது, ராசி இல்லாதவள் என்று மாமியார் வாயில் விழுந்தது... ஆறு வருஷமாகத் தன் உடம்பின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போது புருஷனைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை! அவன் பயந்த பார்வைதான். ரங்கனின் பிணத்தைப் பார்த்தபோதுகூட பாலகுரு இப்படி நடுங்கவில்லை.

அவள் அடிக்கவில்லை. குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். நேராக ஜீப்புக்கு நடந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எங்க?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"நர்சம்மாகிட்ட. டெஸ்ட்டு ஊசி போட்டுனு அரை மணி குந்துறேன். எவன் வேணா என் மூஞ்சியப் பாத்துனு போவட்டும்."

இருபது வருஷ சர்வீஸில் ஸ்ரீநிவாசன் எதிர்பார்க்காத பதில் அது.

"துரை, கிளினிக் போனதும் நர்ஸை விட்டுடச் சொல்லு. டாக்டரையும்தான். இவனைப் பின்னாடி ஏத்து. அப்படியே ரிப்போர்ட்டை ஆரம்பி. குற்றவாளி பாலகுரு. அஜாக்கிரதையால் மரணம். போன உயிர், ஒண்ணு."

துரை பென்சிலை நாக்கில் தொட்டு எழுதப் போனார்.

அங்காளம்மா முன் சீட்டிலிருந்து திரும்பவில்லை.

"மூணுன்னு எழுதுங்க ஏட்டய்யா. மீன் விக்கிறவகிட்ட எண்ணிக்கைல கொறைக்காதீங்க."